வடக்கிலிருந்து தெற்காக: பசிபிக் கடற்கரையில் காற்றும் மிதிவண்டியும்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கனடாவின் வான்கூவர் நகரில் தொடங்கி வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா ஆகிய மூன்று மாநிலங்களின் கடலோரமாக மெக்சிகோ எல்லை வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளும் வழியொன்று உண்டு. கோடைதோறும் கூடாரத்தையும் அடுப்பையும் மாற்றுடையையும் சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகளில் ஏற்றிக்கொண்டு அவ்வழியே மிதிவண்டியில் நெடும்பயணம் போவோரில் மிகப் பெரும்பாலோர் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியே போகின்றனர். காரணம் கேட்டால் காற்று என்பதே விடையாக வரும். அவ்விடை சரியானது; ஆனால் முழுமையானதன்று. அக்கரையின் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதைப் பாய்மரக் கப்பலோட்டிகள் பதினாறாம் நூற்றாண்டிலேயே பட்டறிந்திருந்தனர். மிதிவண்டிக்காரர்களின் வழக்கமோ 1970களில்தான் உருப்பெற்றது. இடையில் கழிந்த நானூறு ஆண்டுகளில் காற்று மாறவில்லை, கரைதான் மாறியது. சாலையும் பாலமும் சட்டமும் தங்குமிடமும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பின்னரே, மாலுமியின் பழைய அறிவு மிதிவண்டிக்காரரின் பயணத் திட்டத்துக்கு உதவக்கூடியதாயிற்று.

இந்தியக் கடற்கரைகளில் வாழ்வோர் காற்று என்றாலே ஆண்டில் இருமுறை திசை திரும்பும் பருவக்காற்றை நினைப்பது இயல்பு. கலிஃபோர்னியக் கரையின் காற்று வேறு வகையைச் சேர்ந்தது. ஹவாய்த் தீவுகளுக்கும் அமெரிக்கக் கரைக்கும் இடைப்பட்ட பெருங்கடலின்மேல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய நிலைத்திருக்கும் உயர் அழுத்தப் பகுதி ஒன்று உள்ளது. கனத்த காற்று மேலிருந்து கீழே இறங்கிக் கடல்மட்டத்தில் வெளிநோக்கிப் பரவும் இடமே உயர் அழுத்தப் பகுதி எனப்படும். பூமியின் சுழற்சியால், வட அரைக்கோளத்தில் அவ்வாறு பரவும் காற்று கடிகார முள்ளின் போக்கில் சுழல்கிறது. ஆகவே அச்சுழற்சியின் கிழக்கு விளிம்பாக அமைந்த அமெரிக்கக் கரையில் காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வந்து, கரைக்கு இணையாகத் தெற்கு நோக்கி ஓடுகிறது. கோடையில் சூரியனைத் தொடர்ந்து இவ்வுயர் அழுத்தப் பகுதி வடக்கே நகர்ந்து வலுக்கிறது. அதே வேளையில் கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கும் அதற்கப்பாலுள்ள பாலைநிலமும் பலநாள் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்து, அங்குள்ள காற்று இலேசாகி மேலெழ, நிலத்தின்மேல் தாழ்வழுத்தம் உண்டாகிறது. கடலில் உயர் அழுத்தமும் நிலத்தில் தாழ்வழுத்தமும் அருகருகே நிற்பதால் இடையிலுள்ள கரையோரத்தில் காற்று விசைகொள்கிறது. பிற்பகலில் நிலம் மிகச் சூடேறும்போது அது உச்சத்தை எட்டி, இரவில் தணிந்து, விடியற்காலையில் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது.

கரை நேர்கோடாக இருந்திருந்தால் இக்காற்று எங்கும் ஒரே சீராக வீசியிருக்கக்கூடும். ஓரிகனின் பிளாங்கோ முனை, கலிஃபோர்னியாவின் மெண்டோசினோ முனை, அரினா முனை, கன்செப்ஷன் முனை ஆகியவை மலைத்தொடர்களோடு கடலுக்குள் நீண்டு நிற்பதால், அவற்றைச் சுற்றி வரும்போது காற்று முடுக்கம் பெற்று, முனையின் தென்புறத்தில் பெருங்காற்றாகப் பாய்கிறது. இதே காற்று கடலின் மேற்பரப்பு நீரையும் தள்ளுகிறது; அந்நீர் காற்றின் போக்கிலேயே போகாமல் பூமியின் சுழற்சியால் வலப்புறம் விலகிக் கரையை விட்டு அகல, அது விட்ட இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழுகிறது. காற்றுக்கும் நீரோட்டத்துக்குமான இவ்விலகல் உறவைச் சுவீடன் நாட்டு அறிவியலாளர் வாக்ன் வால்ஃப்ரிட் எக்மன் 1905இல் கணித முறையில் விளக்கினார். கோடையின் நடுவிலும் வட கலிஃபோர்னியக் கடல்நீர் உடலை நடுக்கும் குளிர்ச்சியோடு இருப்பதற்கும், அக்குளிர்நீரின்மேல் வரும் ஈரக்காற்று உறைபனிபோல் வெளுத்த மூடுபனியாகிச் சான் பிரான்சிஸ்கோ நகரை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மூடுவதற்கும் இதுவே காரணம். தெற்கு நோக்கித் தள்ளும் காற்றையும் கண்ணை மறைக்கும் மூடுபனியையும் ஒரே இயக்கம் சேர்த்தே படைக்கிறது என்பதைப் பயணம் திட்டமிடுவோர் மறக்கலாகாது. ஒன்றின் உதவியை விரும்புவோர் மற்றதன் இடரையும் ஏற்றே ஆகவேண்டும்.

இவ்வியக்கத்தின் விலையை முதலில் செலுத்தியவர்கள் மெக்சிகோவிலிருந்து வடக்கே போக முயன்ற ஸ்பானியக் கப்பலோட்டிகள். ஹுவான் ரோட்ரிகெஸ் காப்ரியோ 1542 ஜூன் 27இல் மெக்சிகோவின் நவிதாத் துறையிலிருந்து புறப்பட்டு, செப்டம்பர் 28இல்தான் இன்றைய சான் டியேகோ துறைமுகத்தை அடைந்தார். எதிர்க்காற்றில் பாயைத் திருப்பித் திருப்பி, ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகச் சாய்ந்தோடி முன்னேறிய அப்பயணம் மூன்று மாதங்களை விழுங்கிற்று. 1543 ஜனவரியில் அவர் இறந்தபின் தலைமையேற்ற மாலுமி பார்த்தொலொமே ஃபெரெர், அவ்வாண்டின் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மேலும் வடக்கே சென்றார். மாதத்தைக் கருதினால் அதில் வியப்பில்லை. குளிர்காலத்தில் பெருங்கடல் உயர் அழுத்தம் நலிந்து தெற்கே இறங்கிவிட, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளின் பக்கம் உருவாகும் தாழ்வழுத்தங்கள் வரிசையாகக் கரையைத் தாக்குகின்றன. அவற்றின் முன்னே வீசுவது தென்காற்றும் தென்மேற்குக் காற்றுமாகும். கோடையில் மூடிக்கிடந்த வடதிசை குளிர்காலப் புயலில் மட்டும் திறந்தது. ஆனால் அந்தத் திறப்பு உயிரையே பறிக்கக்கூடியதாகவும் இருந்தது.

செபஸ்தியான் விஸ்காயினோவின் பயணம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1602 மே 5இல் அகாபுல்கோவிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல்கள் மொன்டெரே விரிகுடாவை அடைந்தது டிசம்பர் 16இல். வழியெல்லாம் கரையை அளந்து பெயரிட்டுக்கொண்டு போனதும் தாமதத்துக்கு ஒரு காரணமே. ஆயினும் விடாத வடமேற்குக் காற்றே முதற்காரணம். ஏழு மாதங்களுக்குமேல் கடலில் கிடந்த மாலுமிகள், காய்கனி இன்மையால் ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய்க்கு இரையாயினர். 1603 ஜனவரித் தொடக்கத்தில் மொன்டெரேயிலிருந்து மேலும் வடக்கே போனபோது தென்கிழக்குப் புயல்காற்று அவரது கப்பலை மெண்டோசினோ முனைக்கு அப்பால் தள்ளிச் சென்றது. பின் அங்கிருந்து தெற்கே திரும்பிய கப்பல் மார்ச் மாதத்திலேயே அகாபுல்கோவில் நங்கூரமிட்டது. போகும்போது எட்டு மாதங்கள், திரும்பும்போது ஏறத்தாழ இரண்டு மாதங்கள் என்ற இக்கணக்கைவிட அக்கரையின் திசை வேறுபாட்டை எடுத்துரைக்கும் சான்று வேறில்லை.

விஸ்காயினோவுக்கு முன்பே அக்காற்றின் நல்ல பக்கத்தை வாணிகத்துக்குப் பயன்படுத்தும் முறையும் கண்டறியப்பட்டிருந்தது. 1565இல் அந்திரேஸ் தே உர்தானெதா என்னும் துறவி மாலுமி, பிலிப்பைன்ஸின் செபு தீவிலிருந்து மெக்சிகோவுக்குத் திரும்பும் வழியைத் தேடி நேர்கிழக்கே போகாமல் வடக்கே ஏறி, அங்கு வீசும் மேற்கத்தியக் காற்றைப் பிடித்துப் பெருங்கடலைக் கடந்து, கலிஃபோர்னியக் கரையை நெருங்கியதும் தெற்கே திரும்பி வடமேற்குக் காற்றைப் பின்னே வாங்கிக்கொண்டு அகாபுல்கோ வந்தடைந்தார். சீனப் பட்டும் பிற ஆசியச் சரக்கும் ஏற்றிய மணிலா கப்பல்கள் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டுக் காலம், இந்த வழியையே நம்பின. இவை பெரும்பாலும் மெண்டோசினோ முனைக்கு அண்மையில் நிலம் இருப்பதன் அடையாளங்களைக் கண்டு தெற்கே திரும்பின. இன்று கனடா எல்லையிலிருந்து இறங்கி வரும் மிதிவண்டிக்காரரின் முதுகைத் தள்ளுவது இதே காற்றுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரம் மரத்தால் எழுந்தபோது, அம்மரம் வடகரையின் ரெட்வுட் எனப்படும் செம்மரக் காடுகளிலிருந்தே வந்தது. மெண்டோசினோ பகுதியில் துறைமுகம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. பாறைகளுக்கிடையே கப்பல் ஒன்று திரும்புவதற்கே இடம் போதாத சிறு குடாக்களில் இரட்டைப் பாய்மரச் சிறுகப்பல்கள் நங்கூரமிட, செங்குத்தான கரையின் உச்சியிலிருந்து சறுக்குப் பலகை வழியாகவும் பின்னாளில் இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி வழியாகவும் பலகைகள் அவற்றின் தளத்தில் இறக்கப்பட்டன. பாரம் ஏற்றிய கப்பல் பின்காற்றில் தெற்கே ஓடிற்று. வெறுங்கப்பல் எதிர்க்காற்றில் வடக்கே போராடித் திரும்பிற்று. சரக்கும் காற்றும் ஒரே திசையில் போகும்படி அமைந்தது அவ்வாணிகத்தின் நற்பேறு. திரும்பும் பயணத்தின் அலைச்சலைக் குறைக்கவே 1880களில் இச்சிறுகப்பல்களில் நீராவி இயந்திரம் பொருத்தப்பட்டது என்பதும், எதிர்க்காற்றே அங்கு ஒரு புதிய கப்பல் வகையைப் பிறப்பித்தது என்பதும் கருதத்தக்கவை. 1895இல் கட்டப்பட்டு வாஷிங்டனிலிருந்து மரம் சுமந்து வந்த சி. ஏ. தேயர் என்னும் மூன்று பாய்மரக் கப்பல் இன்றும் சான் பிரான்சிஸ்கோவின் தேசியக் கடல்சார் வரலாற்றுப் பூங்காவில் பாதுகாக்கப்படுகிறது.

கடலில் இவ்வளவு தெளிவாக அறியப்பட்ட ஒன்று, 1890களில் அமெரிக்கா முழுவதும் மிதிவண்டி மோகம் பரவியபோது அக்கரையில் ஏன் பயன்படவில்லை என்ற கேள்விக்கு விடை எளியது: கடற்கரையில் சாலை இல்லை. சரிவான மலைகள் நேரே கடலில் இறங்கும் அக்கரையில், ஊருக்கும் ஊருக்கும் இடையே போக்குவரத்து கப்பலாலேயே நடந்தது. ஓரிகனில் சில இடங்களில் அலை வற்றும் நேரம் பார்த்துக் குதிரை வண்டிகள் ஈர மணலின்மேல் ஓடின. கடற்கரை மணலே சாலை என்னும் இந்நிலை எவ்வளவு உண்மையாக இருந்ததென்றால், 1913இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் காலத்தில் ஓரிகன் சட்டமன்றம் அலைபடும் கரை முழுவதையும் பொது நெடுஞ்சாலையாக அறிவித்தது. கரையைத் தனியார் வேலியிட்டு அடைத்துவிடாமல் மக்களுக்கே காத்துவைத்த அச்சட்டம் அம்மாநிலம் செய்த மிகச் சிறந்த செயல்களில் ஒன்றாகும். ஆனால் மெல்லிய சக்கரமுள்ள மிதிவண்டிக்கு மணல் பயன்படவில்லை. நெடுந்தொலைவு போக விரும்பியோர் மலைக்கு உட்புறமுள்ள பள்ளத்தாக்குகளையே நாடினர்.

1909இல் சியாட்டில் நகரில் நடந்த அலாஸ்கா–யூகான்–பசிபிக் கண்காட்சியைக் காண, கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவிலிருந்து விக்டர் மெக்டேனியல், ரே ஃபிரான்சிஸ்கோ என்ற இரு இளைஞர்கள் மிதிவண்டியில் புறப்பட்டுச் சென்றது அக்காலப் பயணங்களில் நன்கு பதிவானது; விக்டரின் மகள் ஈவ்லின் மெக்டேனியல் கிப் அதைப் பிற்காலத்தில் நூலாக்கினார். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவை 54 நாட்களில் கடந்த அவர்கள் போனது வடக்கே, அதுவும் உள்நாட்டு வழியில். காற்றைப் பார்த்துத் திசையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. கண்காட்சி வடக்கே நடந்தது, ஆகவே அவர்கள் வடக்கே போனார்கள். குண்டும் குழியுமான மண்சாலையிலும், சில இடங்களில் இருப்புப்பாதைக் கட்டைகளின்மேலும் வண்டியைத் தள்ளிச் செல்ல வேண்டியிருந்த காலத்தில் காற்றின் திசை இடர்களின் வரிசையில் மிகப் பின்னால்தான் நின்றது. காற்றைக் கருதித் திட்டமிடுதல் என்பது சாலை நன்றாக அமைந்தபின் வரும் கவலை. தரை தடுக்காத போதுதான் காற்று தடுப்பது தெரியவரும்.

அத்தகைய தரை 1930களில் வந்தது. ஓரிகன் கடற்கரை நெடுஞ்சாலை 1919இல் மக்கள் ஒப்புதல் பெற்ற கடன்பத்திரத்தோடு தொடங்கி, 1926இல் நாடு தழுவிய எண்முறையில் 101 என்ற எண்ணைப் பெற்ற பின்னும், பெரிய ஆற்று முகத்துவாரங்களில் படகுத்துறைகளில் நின்றுவிட்டது. அலை மிகுந்த நாட்களில் படகு ஓடாது. வண்டிகள் கரையில் காத்துக்கிடந்தன. பெருமந்தக் காலத்து மக்களுக்கு வேலை தரும் மைய அரசுத் திட்டத்தின் நிதியில், பொறியாளர் கான்டே மக்கலக் வடிவமைத்த ஐந்து பெரும் பாலங்கள் 1936இல் திறக்கப்பட்டதும் படகுகள் ஓய்ந்தன. தெற்கே, மலை கடலில் செங்குத்தாக விழும் பிக் சர் பகுதியில் கார்மெலுக்கும் சான் சிமியோனுக்கும் இடையிலான சாலையைப் பதினெட்டு ஆண்டுகள் பாறையை வெடித்துச் சமைத்தனர்; சிறைக்கைதிகளின் உழைப்பும் சேர்ந்த அச்சாலை 1937 ஜூனில் திறக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலமும் அதே ஆண்டு மே மாதத்தில்தான் திறக்கப்பட்டது. ஆக, கரையோரமாகத் தொடர்ச்சியாகப் போகும் வழி 1937 வரை இருந்ததே இல்லை. மெண்டோசினோ முனையை ஒட்டிய மலைப்பகுதி இன்றுவரை நெடுஞ்சாலைக்கு இடங்கொடுக்கவில்லை. அங்கு நெடுஞ்சாலை கடலை விட்டு உள்ளே விலகிச் செல்கிறது. காற்று மிகக் கடுமையாக வீசும் முனைகளில் ஒன்றை மிதிவண்டிக்காரர் நேரில் சந்திக்காமலே போவது இதனால்தான்.

மக்கலக்கின் பாலங்கள் பார்வைக்கு அழகானவை. பொறியியலில் கலையுணர்வு கலந்த அமெரிக்கக் கட்டடங்களுள் அவற்றுக்கு உயர்ந்த இடம் உண்டு. ஆனால் அவை 1930களின் கார்களுக்காக அளந்து கட்டப்பட்டவை. பின்னாளில் மக்கலக்கின் பெயரையே பெற்ற கூஸ் விரிகுடாப் பாலம் 1.6 கிலோமீட்டர் நீளமுடையது. அதன்மேல் வாகனத் தடத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே ஒதுங்க இடமில்லை. கரைச்சாலையில் முதுகைத் தள்ளிவந்த வடமேற்குக் காற்று, நீர்ப்பரப்பின் நடுவே பாலத்தின் உச்சியில் பக்கக்காற்றாக மோதி, பைகள் தொங்கும் வண்டியைப் போக்குவரத்தின் பக்கம் சாய்க்கிறது. இறங்கிக் குறுகிய நடைமேடையில் தள்ளிக்கொண்டு போவதே அங்கு அறிவுடைய செயல். சுரங்கவழிகளில் இடர் வேறு வகையானது. ஆர்ச் முனைச் சுரங்கத்தின் வாயிலில் மிதிவண்டியில் அமர்ந்தபடியே கைக்கெட்டும் உயரத்தில் பொத்தான் ஒன்று உள்ளது. அதை அழுத்தினால் வாயிலுக்கு மேலுள்ள விளக்குகள் சிறிது நேரம் மின்னி, உள்ளே மிதிவண்டி இருப்பதைப் பின்வரும் ஓட்டுநருக்கு அறிவிக்கின்றன. அந்த நேரத்துக்குள் இருளைக் கடந்துவிடவேண்டும்.

இவ்வாறு சாலை அமைந்த பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கு மிதிவண்டி நெடும்பயணம் ஒரு வழக்கமாகவில்லை. ஏனெனில் அமெரிக்காவில் மிதிவண்டி அப்போது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகச் சுருங்கியிருந்தது. 1970களின் தொடக்கத்தில், பத்துப் பல்சக்கர நிலைகளைக் கொண்ட இலேசான வண்டிகள் பரவியதும், சுற்றுச்சூழல் உணர்வு எழுந்ததும், 1973இன் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்து பெரியவர்களை மீண்டும் மிதிவண்டிக்குக் கொண்டுவந்தன. 1973இல் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 1.5 கோடி மிதிவண்டிகள் விற்பனையாயின. ஓரிகன் சட்டமன்ற உறுப்பினர் டான் ஸ்டாதோஸ் கொண்டுவந்த 1971ஆம் ஆண்டுச் சட்டம், நெடுஞ்சாலை நிதியில் குறைந்தது நூற்றுக்கு ஒன்றை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்குமான வசதிகளில் செலவிடவேண்டும் என்று விதித்தது. நூற்றுக்கு ஒன்று என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் மிதிவண்டிக்காரரைச் சாலையின் உரிமையாளர்களுள் ஒருவராக மாநிலச் சட்டம் ஏற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள். அஸ்டோரியாவிலிருந்து கலிஃபோர்னிய எல்லைவரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளும் ஓரிகன் கடற்கரை மிதிவண்டி வழி இம்மனநிலையின் விளைவாகவே அடையாளப் பலகைகளோடு எழுந்தது.

அதே ஆண்டுகளில் கிரெக் சிப்பிள், ஜூன் சிப்பிள், டான் பர்டன், லிஸ் பர்டன் என்ற இரு இணையர் 1972இல் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியை நோக்கி மிதிவண்டியில் புறப்பட்டிருந்தனர். அப்பயணத்தின் நடுவே, மெக்சிகோவில், நாட்டின் 200ஆம் ஆண்டு விழாவை மிதிவண்டியில் நாட்டைக் குறுக்காகக் கடந்து கொண்டாடலாம் என்ற எண்ணம் பிறந்தது. பைக்சென்டெனியல் என்ற பெயரில் 1976இல் நடந்த அவ்விழாவில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் பங்கேற்று, ஓரிகன் கடற்கரைக்கும் வர்ஜீனியாவின் யார்க்டவுனுக்கும் இடையிலான வழியில் பயணம் செய்தனர். அதை நடத்திய அமைப்பே பின்னர் அட்வெஞ்சர் சைக்கிளிங் அசோசியேஷன் என்று பெயர் மாறி, பசிபிக் கடற்கரை வழிக்கும் மிதிவண்டிக்கெனத் தனி நிலப்படங்களை வெளியிட்டது. 1984இல் டாம் கிர்க்கெண்டால், விக்கி ஸ்பிரிங் ஆகியோர் எழுதிய பசிபிக் கடற்கரை வழிகாட்டி நூல் வெளிவந்தது. கனடாவில் தொடங்கி மெக்சிகோ எல்லையில் முடியும்படி ஒவ்வொரு நாள் பயணத்தையும் விவரித்த அந்நூல் திசையை ஏறக்குறைய உறுதியாக்கிவிட்டது. வடக்கே போக விரும்புகிறவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிக்கவேண்டியவரானார்.

திசை உறுதிப்பட்டதற்குக் காற்றைத் தவிர வேறு காரணங்களும் இருந்தன. வலப்புறமாகச் செல்லும் போக்குவரத்து விதியுள்ள அந்நாட்டில் தெற்கே போவோருக்குக் கடல் வலக்கைப் பக்கம் அமைகிறது. கரையைப் பார்க்க ஒதுங்கி நிற்கும் இடங்களுக்கு எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கிடாமல் இறங்கலாம். பெரும்பாலோர் தெற்கே போவதைக் கண்ட ஓரிகன் நெடுஞ்சாலைத் துறை, வெள்ளைக்கோட்டுக்கு வெளியேயுள்ள விளிம்பை அகலப்படுத்தும்போது தெற்கே போகும் பக்கத்தையே மனத்தில் கொண்டது. விளிம்பு அகன்றதால் மேலும் பலர் அத்திசையைத் தேர்ந்தனர். ஓரிகனிலும் கலிஃபோர்னியாவிலும் மாநிலப் பூங்காக்கள் நடந்தும் மிதிவண்டியிலும் வருவோருக்கென முன்பதிவு தேவைப்படாத, கட்டணம் குறைந்த கூடாரத் திடல்களை ஒதுக்கியதும் இவ்வழக்கத்தை வளர்த்தது. காற்றை நம்பிப் போகிறவருக்கு, இன்ன நாளில் இன்ன ஊரில் இருப்பேன் என்று முன்கூட்டியே சொல்ல இயலாது. முன்பதிவு கேளாத திடல் இல்லாவிட்டால் காற்றை அனுசரித்த பயணம் ஏட்டளவிலேயே நின்றிருக்கும். அச்சிறு ஏற்பாட்டுக்கு இவ்வழியின் வரலாற்றில் தரப்பட்டுள்ள இடம் அதன் தகுதிக்குக் குறைவானது என்றே சொல்லவேண்டும்.

காற்று இவ்வளவு பொருட்படுத்தப்படுவது ஏன் என்பதற்கு இயற்பியல் தரும் விடை கூர்மையானது. காற்றின் தடை, வண்டிக்கும் காற்றுக்கும் இடையிலான சார்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. காற்றில்லா நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், அதே வேகமுள்ள எதிர்க்காற்றில் அவ்வேகத்தைக் காக்க விரும்பினால் நான்கு மடங்கு காற்றுத்தடையைத் தள்ளவேண்டும். அதே காற்று பின்னிருந்து வீசினால் காற்றுத்தடையே இராது. நான்கு பைகளும் கூடாரமும் கட்டிய வண்டி காற்றுக்குக் காட்டும் பரப்பு மிகுதி என்பதால் வேறுபாடு இன்னும் உறைக்கும். ஏற்றம் எத்தனை கொடியதாயினும் ஓரிடத்தில் முடிந்து இறக்கமாக மாறிவிடும். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது.

ஆயினும் வடமேற்குக் காற்றைப் பெருவிதியாக எடுத்துக்கொண்டு பயணம் திட்டமிடுவோர் அதன் விலக்குகளையும் அறியவேண்டியிருக்கிறது. கோடையிலும் சில நாட்களில், உள்நாட்டு வெப்பத்தின் அழுத்த மாற்றத்தால் கரையோரமாகத் தென்காற்று ஒன்று தாழ்ந்த மேகத்தையும் மூடுபனியையும் சுமந்துகொண்டு வடக்கே ஏறுவதுண்டு. மலைச்சுவருக்கும் கடலுக்கும் நடுவே சிறைப்பட்டு நகரும் அத்தகைய காற்றுத் திருப்பம் ஓரிரு நாளில் ஓய்ந்துவிடும். கன்செப்ஷன் முனைக்குத் தெற்கே கரை திடீரெனக் கிழக்கே மடங்குவதால், சான்டா பார்பராவுக்கு வரும் பயணி முனையின் மறைவில் காற்றும் குளிரும் குறைந்த வேறொரு நாட்டுக்குள் வந்துவிட்டதாகவே உணர்வார். ஓரிகனின் தென்கோடியிலுள்ள புரூக்கிங்ஸில் சில நாட்களில் மலையிலிருந்து இறங்கி வரும் காற்று அமுக்கத்தால் சூடேறி, அண்டை ஊர்கள் குளிரில் கிடக்கையில் அவ்வூரை மட்டும் வெயில்காலமாக்குகிறது. இலையுதிர் காலத்தில் தென் கலிஃபோர்னியாவின் சான்டா அனா காற்று பாலையிலிருந்து கடலை நோக்கி வீசி, வறண்ட புதர்க்காட்டில் தீயைப் பரப்பிச் சாலைகளை அடைக்கக்கூடும்.

மாதத்தைத் தேர்வதில் அனுபவம் மிக்கோர் செப்டம்பரையே சிறந்ததாகக் கருதுகின்றனர். ஜூலையின் முரட்டுக் காற்றும் மூடுபனியும் தணிந்து, விடுமுறை முடிந்து பெரும் வீட்டு ஊர்திகள் சாலையை விட்டு விலகியிருக்க, வடமேற்குக் காற்று இன்னும் முதுகிலேயே இருக்கும். அக்டோபருக்குள் ஓரிகனைக் கடந்துவிடவேண்டும் என்பது அவர்களின் மற்றொரு விதி. 1962 அக்டோபர் 12இல் அப்பகுதியைத் தாக்கிய கொலம்பஸ் நாள் புயல், தெற்கிலிருந்து வீசிய பெருங்காற்றால் காடுகளையும் கூரைகளையும் பெயர்த்தெறிந்தது. குளிர்காலத்தின் தென்காற்று எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அதுவே அளவுகோல். தென்காற்றைப் பின்னே வாங்கி வடக்கே போகலாம் என்று குளிர்காலத்தை நாடுவோர், ஃபெரெரும் விஸ்காயினோவும் கண்ட அதே பேரத்தையே செய்கின்றனர்: காற்று கிடைக்கும், கூடவே மழையும் குளிரும் வெளிச்சம் குறைந்த நாட்களும் கிடைக்கும்.

குளிர்கால மழையின் கை கோடைப் பயணம் வரை நீள்கிறது. பிக் சர் மலைகள் ஊறிச் சரிந்து சாலையை அடைப்பது 1937 முதலே தொடர்ந்து வருவது. மழை மிகுந்த 2016–17 குளிர்காலத்தின் முடிவில், 2017 மே 20 அன்று, மட் கிரீக் என்னுமிடத்தில் மலைச்சரிவொன்று சாலையைப் புதைத்துக் கடலுக்குள் புதுநிலத்தையே உண்டாக்கிற்று. சரிந்த மண்ணின்மேலேயே புதுச்சாலை அமைத்து அது மீண்டும் திறக்கப்பட்டது 2018 ஜூலையில். ஆகவே இவ்வழியில் புறப்படுவோர் வானிலை முன்னறிவிப்போடு சென்ற குளிர்காலத்தின் மழைக்கணக்கையும் சாலை மூடல் அறிவிப்புகளையும் பார்க்கவேண்டியவராகின்றனர். அடைப்பு ஏற்பட்ட ஆண்டுகளில் மலைக்கு உட்புறமாகச் சலினாஸ் பள்ளத்தாக்கின் வழியே 101 நெடுஞ்சாலையில் சுற்றிப் போகவேண்டும். கடற்காட்சி அங்கு இல்லை. கீரையும் முட்டைக்கோசும் விளையும் வயல்களே இருபுறமும் விரிகின்றன. ஆனால் பள்ளத்தாக்கின் வடவாயில் மொன்டெரே விரிகுடாவில் திறந்திருப்பதால், நண்பகலுக்குப் பின் கடற்காற்று அதன் வழியே உள்ளே புகுந்து தென்கிழக்கு நோக்கி நாள்தோறும் பாய்கிறது. தெற்கே போகும் மிதிவண்டியை அது அங்கும் பின்னிருந்தே தள்ளுகிறது.